ஒண்ணுமே பண்ணலை சார், தானா நின்னுடுச்சு!

பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்க மறுக்கும் பழைய கம்ப்யூட்டரை முறைப்படி அடக்கம் செய்ய 12 படிகள்

முதலில் வாழ்த்துகள். பன்னிரண்டு வருடமாக முணுமுணுக்காமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பயாஸை நேற்று இரவு பத்தரை மணிக்கு, சாப்பிட்ட கை காய்வதற்குள், அப்டேட் செய்துவிட்டீர்கள். இப்போது ஃபேன் சுற்றுகிறது, முன்பக்கத்து விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. பக்கத்து அறையிலிருந்து "என்னங்க ஆச்சு?" என்று குரல் வருகிறது. "ஒண்ணும் இல்லை" என்கிறீர்கள். மிகச் சரியான பதில். இந்த வழிகாட்டி முழுவதும் நாம் பாடுபட்டுக் காப்பாற்றப்போவது அந்தப் பதிலைத்தான்.

எதற்காக அப்டேட் செய்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். எனக்கே தெரியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸர் கேட்கிறது. உங்களிடம் இருப்பது 4-ஆம் தலைமுறை ஐ3. பயாஸை மாற்றினால் அது நாலு தலைமுறையை ஒரே தாவலில் தாண்டிவிடும் என்று நம்பினீர்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு டை அடித்துக் காலேஜில் சேர்க்கிற நம்பிக்கை அது. கைவிட்டுவிடாதீர்கள், கடைசிப் படி வரை தேவைப்படும்.

பயாஸ் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தேவையில்லைதான். இருந்தாலும் எதைக் கெடுக்கிறோம் என்று தெரிந்து கெடுப்பதில் ஒரு நிறைவு உண்டு. மதர்போர்டின் ஓரத்தில், எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக ஒரு சிப் இருக்கும். பவர் பட்டனைத் தட்டியதும் ப்ராசஸர் முதலில் படிப்பது அதில் எழுதியிருப்பதைத்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து வீட்டையே எழுப்பிவிடும் பாட்டி மாதிரி, அது ரேமை எழுப்பும், கீபோர்டைத் தேடும், ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும், பிறகு பொறுப்பை விண்டோஸிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடும். பயாஸ் என்ற சொல்லே 1970-களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் காலத்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அது அழிக்க முடியாத ரோமில் இருந்தது. வீட்டுக்காரர் கை வைக்க வழியே இல்லை. பின்னாளில் அழித்து எழுதக்கூடிய ஃப்ளாஷ் சிப் வந்தது. நமக்கும் விடிவு பிறந்தது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய் நறுக்கும் கத்தி போதும். ஆரம்பிப்போம்.

படி 1: எதையும் குறித்து வைக்காதீர்கள்

இதை அப்டேட்டுக்கு முன்பே முடித்திருப்பீர்கள். சும்மா சரிபார்த்துக்கொள்வோம். பழைய பயாஸின் பதிப்பு எண் என்ன? தெரியாது. நல்லது. செட்டிங் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்தீர்களா? இல்லை. முந்தாநாள் சாப்பிட்ட நெய் ரோஸ்ட்டுக்கு நான்கு படங்கள் இருக்கின்றன, அது வேறு விஷயம். பழைய பயாஸைப் பென்டிரைவில் சேமிக்கும் வசதி அதே திரையில் இருந்தது. அதைத் தாண்டிப் போய்த்தான் "ஓகே" கொடுத்தீர்கள்.

மதர்போர்டின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "ரெவ் 1.0" என்றோ "ரெவ் 2.0" என்றோ அச்சடித்திருப்பார்கள். பெயர் ஒன்று, போர்டு வேறு, போட வேண்டிய ஃபைலும் வேறு. அதைப் பார்க்க மூடியைத் திறந்து டார்ச் அடிக்க வேண்டும், ஆகவே பார்க்கவில்லை. அப்படியும் தற்செயலாகச் சரியான ஃபைலே அமைந்துவிட்டது. மனம் தளராதீர்கள், எட்டாவது படியில் இந்தக் குறையை நிவர்த்தி செய்துவிடலாம். "பிரச்சினை இல்லையென்றால் பயாஸை மாற்ற வேண்டாம்" என்று போர்டு தயாரிப்பாளர்களே எழுதி வைப்பதுண்டு. பக்கத்தின் அடியில் எழுதுவார்கள். அடி வரை யார் போகிறார்கள்?

நிலவரம்: கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. பதறாதீர்கள், இன்னும் 11 படிகள் உள்ளன.

படி 2: நாற்பது விநாடிக்கு மேல் பொறுக்காதீர்கள்

புது பயாஸ் ஏறியதும் முதல்முறை எழுந்திருக்கக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்ளும். தானாகவே இரண்டு மூன்று தடவை அணைந்து எரியலாம். ரேமைப் புதிதாக அளந்து பழகிக்கொள்ளும். சில போர்டுகளில் சில நிமிடங்கள் திரையில் ஒன்றுமே வராது. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை, போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வருவது.

போகாதீர்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கு அதில் படும் அளவுக்குக் குனிந்து, ஒன்று இரண்டு எண்ணுங்கள். நாற்பது வந்ததும் பவர் பட்டனை நாலு விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். உடனே போடுங்கள். மறுபடி நாற்பது. மறுபடி அணையுங்கள். பன்னிரண்டு தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தை மாதிரி அது முதலிலிருந்து தொடங்கும். பதின்மூன்றாவது தடவை, வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக, சுவர் சுவிட்சிலேயே அணையுங்கள்.

நிலவரம்: இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய ஆள், கெட்டி.

படி 3: அது பேசினால் காது கொடுக்காதீர்கள்

கம்ப்யூட்டருக்கு வாய் உண்டு. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே ஆள் விழித்திருக்கிறது, திரைக்கு மட்டும் சேதி போகவில்லை என்று அர்த்தம். போர்டில் ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்ட நான்கு ஊசி இருக்கும். மாட்டினால் பீப் ஒலியில் குறை சொல்லும். பழைய அவார்ட் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கோளாறு. இந்தச் சோதனைகளுக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அல்லது ஏறக்குறைய வேண்டாம்; காசும் ஆகாது. எனவே இவற்றில் மரியாதை இல்லை. விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். கேபினெட்டின் முதுகில் மானிட்டர் வயரைச் செருக இரண்டு இடங்கள் இருக்கின்றன. மேலே, மதர்போர்டின் சொந்த வாசல். கீழே, நாலு வருடத்துக்கு முன் லீவுக்கு வந்த அக்கா மகன் கேம் ஆடுவதற்காக மாட்டிவிட்டுப் போன கிராஃபிக்ஸ் கார்டின் வாசல். அப்டேட் ஆனதும் செட்டிங்குகள் பெரும்பாலும் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிவிடும். சில போர்டுகளில் அப்போது படம் சொந்த வாசல் வழியாகத்தான் வரும். உங்கள் வயர் கீழ் வாசலில் இருக்கிறது. அதைப் பிடுங்கி மேலே செருகினால் இந்தக் கட்டுரை இந்த வரியோடு முடிந்துவிடும். ஆசிரியரிடம் 12 படி என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து வயரைத் தொடாதீர்கள்.

நிலவரம்: கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது. நீங்கள் பார்க்கவில்லை.

படி 4: ஐடியில் இருக்கும் உறவினரைக் கூப்பிடுங்கள்

எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் ஐடியில் இருப்பார். உங்களுக்கு அதே அக்கா மகன், இப்போது பெங்களூரில். ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனியின் பிரீமியம் கணக்கை ஐந்து வருடமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய ஆபீஸ் லேப்டாப்பில் சார்ஜ் ஏறாவிட்டால் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்பான். அது போதும். ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிடுங்கள்.

"புதுசா ஏதாவது பண்ணீங்களா மாமா?"

"ஒண்ணுமே பண்ணலைப்பா. தானா நின்னுடுச்சு."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பதிமூணு வாட்டி."

"அப்போ ரேம்தான் மாமா. கழட்டி, ரப்பர் வெச்சுத் தேச்சு மாட்டுங்க. ஆமா, மானிட்டர் வயரு எதுல..."

இங்கேதான் ஆபத்து. உடனே குறுக்கிடுங்கள். "அது இருக்கட்டும், உனக்கு வரன் பாக்குறாங்களாமே, அம்மா சொன்னா" என்று தொடங்குங்கள். நாற்பது விநாடிக்குள் அவனே போனை வைத்துவிடுவான். அப்டேட் என்ற சொல் கடைசி வரை உங்கள் வாயில் வரவில்லை என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போய், சாப்பிட்ட பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விவரிக்கிற கலை இது.

நிலவரம்: கோளாறு பயாஸில். சந்தேகம் ரேம் மீது. வேலை சூடு பிடிக்கிறது.

படி 5: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்

மூடியைத் திறங்கள். பவர் வயரைப் பிடுங்க வேண்டாம். மறுபடி செருக வேண்டிய வேலை மிச்சம். பன்னிரண்டு வருடத் தூசியை வாயால் ஊதுங்கள். எச்சில் தெறித்தால் தெறிக்கட்டும், வீட்டு எச்சில்தானே. திருகாணிகளை எவர்சில்வர் டம்ளரில் போடுங்கள். யாராவது அதில் தண்ணீர் பிடிக்க வருவார்கள்.

ரேமைக் கழற்றிப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த ரப்பரால் தேயுங்கள். துகள்களைத் துடைக்காமல், அவை ரேம் ஸ்லாட்டுக்குள்ளேயே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு நிற்காதீர்கள். ஒரு மாற்றம் செய்து, போட்டுப் பார்த்து, அடுத்ததைச் செய்து, போட்டுப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் யார் மீதும் பழி போட முடியாது. ஆகவே ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றும்போதே ஹார்ட் டிஸ்க் கேபிளையும் வேறு வாசலுக்கு மாற்றுங்கள். முன்பக்கப் பவர் பட்டனின் இரண்டு குட்டி வயர்களையும் உருவிவிடுங்கள். அவை எந்த ஊசியில் இருந்தன என்பதை உங்கள் ஞாபகசக்தியை நம்பி விட்டுவிடுங்கள். பூண்டு வாங்கப் போய்ப் புதினாவோடு திரும்பும் அதே ஞாபகசக்தி.

நிலவரம்: ஒரு கோளாறு இருந்த இடத்தில் இப்போது நான்கு. துணைக்கு ஆள் சேர்ந்தால் எதற்கும் தைரியம்தான்.

படி 6: செல்லைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புங்கள்

போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு செல் இருக்கும். சிஆர்2032. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 3 வோல்ட். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி காலம் தொட்டு, கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடவும் செட்டிங்குகள் மறக்காமல் இருக்கவும் இப்படி ஒரு பேட்டரிதான் காவல். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, செல்லைக் கொஞ்ச நேரம் எடுத்து வைத்தால், அல்லது ஜம்பரைச் சில விநாடி இடம் மாற்றி வைத்தால், செட்டிங்குகள் அழிந்து ஆரம்ப நிலைக்கு வரும். பல கோளாறுகளுக்கு இது நிஜமாகவே மருந்து.

ஆனால் நீங்கள் இதிலிருந்து எதிர்பார்ப்பது வேறு: புது பயாஸ் போய்ப் பழைய பயாஸ் திரும்பி வரும் என்று. வராது. அழிவது செட்டிங் மட்டும். பயாஸ் இருப்பது ஃப்ளாஷ் சிப்பில். அதற்குச் செல்லும் தேவையில்லை, உங்கள் அனுமதியும் தேவையில்லை. ஏற்கெனவே ஆரம்ப நிலைக்கு வந்துவிட்ட செட்டிங்கை மறுபடி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருகிறீர்கள். குளித்துவிட்டு வந்தவரைத் திரும்பவும் குளிக்க அனுப்புவது போல.

எனவே நான்கு தடவை செய்யுங்கள். வயரைப் பிடுங்காமல் செய்யுங்கள். புதுச் செல் வாங்கக் கடைக்கு அனுப்பினால் சிஆர்2025 வாங்கி வருவார்கள். விட்டம் ஒன்றுதான், கனம் மட்டும் 2.5. தொட்டும் தொடாமலும் உட்காரும். இனி ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் தன்னைப் பழைய வருடத்தின் ஜனவரி 1-ஆம் தேதியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். நமக்கும் சில நாள் அந்த ஆசை உண்டு.

நிலவரம்: ஜம்பர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடங்கள்.

படி 7: சம்பந்தமில்லாத இடத்தில் தைரியம் காட்டுங்கள்

எதிர் வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும் சார்" என்பார். சூடு கூடிப்போய் நிற்கிற மெஷினுக்குச் சொல்ல வேண்டியது. உங்களுடையது சூடாகவே இல்லை. ஆனாலும் வீடு தேடி வந்து சொன்னவரை ஏமாற்றலாமா?

ப்ராசஸர் மேலிருக்கும் கூலரின் நான்கு காலையும் திருப்பி விடுவித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். நீங்கள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது போல ஒரே இழுப்பாக இழுங்கள். ப்ராசஸரையும் வெளியே எடுத்துச் சட்டையில் துடையுங்கள். கீழே தெரிகிற சாக்கெட்டில் 1150 ஊசிகள் இருக்கின்றன; சாக்கெட்டின் பெயரே எல்ஜிஏ 1150. ஒவ்வொன்றும் மயிரிழை. அத்தனையையும் வளைக்கச் சொல்லவில்லை, அவ்வளவு பாடு வேண்டாம். ஒன்று போதும். ப்ராசஸரை இரண்டு விரலால் பிடித்திருக்கும்போது செல்போன் அடிக்கட்டும். மீதி தானாக நடக்கும். பிறகு பேஸ்ட்டைச் சந்தனக் காப்பு மாதிரி நாலு பக்கமும் வழிய வழியப் பூசுங்கள்.

நிலவரம்: ஒரு ஊசி தலைகுனிந்து நிற்கிறது. பட்டன் வயரைக் குத்துமதிப்பாகச் செருகிப் போட்டால், ஆச்சரியம், கேப்ஸ் லாக் விளக்கு இன்னும் எரிகிறது.

படி 8: மறுபடி ஃப்ளாஷ் பண்ணுங்கள், இம்முறை முழுமையாக

இதுவரை நடந்தது ஒத்திகை. மெயின் கச்சேரி இங்கேதான்.

அப்டேட் பாதியில் நின்றுபோனாலும் மீட்க ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். ஏஎம்ஐ பயாஸ் உள்ள பல பழைய போர்டுகளில், எஃப்ஏடி32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் சரியான ஃபைலைக் குறிப்பிட்ட பெயரில் வைத்து, கன்ட்ரோலையும் ஹோமையும் பிடித்துக்கொண்டு பவரைத் தட்டினால் சிப்பின் அழியாத சிறு பகுதி ஒன்று விழித்து, மீதியைத் தானே எழுதிக்கொள்ளும். ஹெச்பி லேப்டாப்புகளில் விண்டோஸ் சாவியும் பி எழுத்தும், டெல்லின் பல மாடல்களில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும். கிகாபைட்டின் பல போர்டுகளில் இரண்டாவதாக ஒரு பயாஸ் சிப்பே காத்திருக்கும். அப்படிப்பட்ட போர்டு உங்களுடையதாக இருந்தால் என் ஆழ்ந்த அனுதாபங்கள். என்ன செய்தாலும் எழுந்து வந்துவிடக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பென்டிரைவை என்டிஎஃப்எஸ்ஸில் வையுங்கள். அது ஏற்காவிட்டால் மட்டும் எஃப்ஏடி32-க்கு இறங்கி வாருங்கள். உங்கள் மாடல் பெயரோடு ஒரே ஒரு எழுத்து வித்தியாசப்படும் ஃபைலை இறக்குங்கள். அந்த எழுத்து நிறத்தைக் குறிக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாள் பார்ப்பது முக்கியம். "மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் மின்தடை" என்று பேப்பரில் உங்கள் தெருப் பெயர் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். 8.57-க்குத் தொடங்குங்கள். யூபிஎஸ் இருக்கிறதே என்று கவலை வேண்டாம். அதன் பேட்டரி எப்போதோ போய்விட்டது, இப்போது அதன் மேல் டெலிபோன் டைரக்டரி இருக்கிறது.

பென்டிரைவின் விளக்கு மினுக்கத் தொடங்கும். சிப் முதலில் அழிக்கப்பட்டு, பிறகுதான் எழுதப்படும். நடுவில் அது வெறும் பலகை. அந்த நேரத்தில் கரண்ட் போகும்.

ஒரு சரித்திரக் குறிப்பு. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-இல் சிஐஎச் என்றொரு வைரஸ் எழுதினார். 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்து, பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸ் சிப்பில் குப்பையை எழுதிவிட்டுப் போனது. உலகமே அலறியது. இன்று அதே காரியத்தை எந்த வைரஸின் தயவும் இல்லாமல், லுங்கியோடு உட்கார்ந்து, நீங்களே முடித்திருக்கிறீர்கள்.

நிலவரம்: கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை. கரண்ட் வந்த பிறகும்.

படி 9: சொந்தமாக ஆபரேஷன் செய்யுங்கள்

இனி அந்த எட்டுக்கால் சிப்பில் வெளியிலிருந்துதான் எழுத வேண்டும். அதற்குச் சிஎச்341ஏ என்றொரு சின்ன யூஎஸ்பி கருவியும், சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் சில நூறு ரூபாய்க்கு வீட்டுக்கே வரும். நல்ல கருவிதான். தெரிந்தவர் செய்தால் பத்து நிமிட வேலை. போர்டில் கரண்ட் இருக்கக் கூடாது. சிப்பில் புள்ளி இருக்கும் மூலைதான் ஒன்றாம் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். எழுதுவதற்கு முன் சிப்பில் இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் யூடியூபில் ஹிந்தி வீடியோ ஒன்றை இரண்டு மடங்கு வேகத்தில் பாருங்கள். ஹிந்தி தெரியாதது ஒரு தடையல்ல, கை அசைவு புரிகிறதல்லவா? கிளிப்பைத் தலைகீழாகக் கவ்வுங்கள். போர்டின் பவரைப் போட்டே வையுங்கள். இந்தக் கருவியின் மலிவான கறுப்பு மாடல்களில், 3.3 வோல்ட் சிப்பின் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் போவதாக ஒரு புகார் உண்டு. அது பலசாலிக் கருவி என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக ஊதுபத்தி வாசனை வரும். வீட்டில் யாரும் ஊதுபத்தி ஏற்றவில்லை.

நிலவரம்: சிப் சிவலோகப் பிராப்தி அடைந்தது.

படி 10: தப்பிப் பிழைத்ததைத் தேடிப் பிடியுங்கள்

இத்தனை கலவரத்திலும் கீறல் படாமல் இருப்பது ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். பயாஸ் போனால் டிஸ்க்கில் இருப்பது போய்விடாது. கழற்றி, யூஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் மகள் கல்யாணப் படங்கள், வீட்டு வரி ரசீதுகள், அப்பாவின் சதாபிஷேக வீடியோ எல்லாம் அப்படியே நிற்கும். முதல் நாளே செய்திருக்கக்கூடிய அரை மணி நேர வேலை.

செய்யாதீர்கள். கடைக்கு எடுத்துப் போகும்போது, கேட்பதற்கு முன்பே, "ஃபார்மட் அடிச்சாலும் பரவாயில்லை சார், ஓடினா போதும்" என்று சொல்லிவிடுங்கள். பெருந்தன்மை என்றால் இப்படி இருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை மனைவி பக்கத்தில் இல்லாதபோது சொல்வது உடல்நலத்துக்கு நல்லது.

நிலவரம்: 300 கல்யாணப் படங்கள் வண்டியின் பின்சீட்டில், மேட்டிலும் பள்ளத்திலும் குதித்துக்கொண்டு போகின்றன.

படி 11: வாக்குமூலம் கொடுங்கள்

பஜாரில், ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில், "சிப் லெவல் சர்வீஸ்" என்று போர்டு இருக்கும். நெற்றியில் லென்ஸ் மாட்டிய ஒருவர் தலை நிமிராமல் கேட்பார்: "என்ன பண்ணீங்க?"

மூச்சை உள்ளே இழுத்து, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்: "ஒண்ணுமே பண்ணலை சார். தானா நின்னுடுச்சு."

அவர் மூடியைத் திறப்பார். ரேம் ஸ்லாட்டிலிருந்து ரப்பர் துகள் உதிரும். சந்தனக் காப்பு காய்ந்திருக்கும். 2025 செல் கையோடு வரும். பின்னால் பென்டிரைவ் இன்னும் செருகியபடியே இருக்கும். பிரேதப் பரிசோதனை மேஜைக்குப் பிணம் நேராக நடந்து வந்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் காலண்டரைப் பாருங்கள். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். இப்படி ஒண்ணுமே பண்ணாதவர்கள் தினம் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள்.

ஊசியை நிமிர்த்துவார். புதுச் சிப்பில் சரியான ஃபைலை ஏற்றி ஒட்டுவார். மானிட்டரை மேல் வாசலில் செருகுவார். திரை வரும், பின்னாலேயே நீலத் திரையும் வரும். அந்தக் காலத்தில் உங்களுக்கு விண்டோஸ் போட்டவர் டிஸ்க்கை ஐடிஇ முறையில் வைத்துப் போட்டிருந்தார். அப்டேட் அதை ஏஹெச்சிஐ ஆக்கிவிட்டது. ஒரே ஒரு வரியை மாற்றுவார். விண்டோஸ் வரும். மகள் மணக்கோலத்தில் வால்பேப்பராக நிற்பாள். ஃபார்மட் அடிக்கவே இல்லை. "அது எதுக்கு சார்?" என்பார்.

பில்லைக் கொடுப்பார். அதில் ஊசி, சிப், செல், பேஸ்ட், ஜம்பர் என்று வரிசையாக இருக்கும். படி 6 முதல் 9 வரையிலான பொருளடக்கம் அது. நீங்கள் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கடைசியாக ஒன்று சொல்வார்: "சார், வீட்டுக்குப் போய் வயரை மேல போடுங்க. கீழ போட்டா டிஸ்ப்ளே வராது. செட்டிங் மாத்தணும்னா போன் பண்ணுங்க."

"சரி சார்" என்று சொல்லுங்கள். கூட்டலை முதலிலிருந்து தொடங்குங்கள்.

நிலவரம்: முழு ஆரோக்கியம். கவலைக்கிடம்.

படி 12: வீடு திரும்புங்கள்

கேபினெட்டை மேஜைக்கு அடியில் பழைய இடத்தில் தள்ளுங்கள். குனிந்து, கைக்குப் பழகிய இடத்தில், கண்ணால் பார்க்காமலேயே வயர்களைச் செருகுங்கள். நாலு வருடப் பழக்கம். மானிட்டர் வயர் தானாகக் கீழ் வாசலைத் தேடிப் போகும். பவரைத் தட்டுங்கள்.

ஃபேன் சுற்றும். முன்பக்க விளக்கு எரியும். திரை கறுப்பாக இருக்கும்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை."

எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு படி 2-க்குப் போங்கள்.

நிலவரம்: கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது.